ஆட்டு மடியும் ஆறு மணிப் பூசையும்

அன்புள்ள மகனுக்கு,

முதலில் ஒன்றைத் திருத்திவிடுகிறேன். நீ கேட்ட மைக்ராஸ்கோப் ஸ்லைடு பெட்டியை நான் பிடிவாதத்தால் தர மறுப்பதாக உன் லூர்து அத்தை சொந்தக்காரர்கள் வீடு வீடாகச் சொல்லி வருகிறாள். "அண்ணன் போனதிலேருந்து அண்ணி அந்தக் கண்ணாடித் துண்டுங்களக் கட்டிப் புடிச்சிக்கினு குந்தியிருக்குது. பெத்த புள்ள கேட்டாக்கூடக் குடுக்க மனசு வரல" என்று, நான் கூடத்தில் இருக்கும்போதே, சமையலறையில் நின்று என் காதில் விழும்படி சொன்னாள். உன்னிடமும் போனில் சொல்லியிருப்பாள். அது உண்மையில்லை. அந்தக் கண்ணாடித் துண்டுகளைக் கட்டிக்கொண்டு வாழும் அளவுக்கு எனக்குப் பொழுது போகாமல் இல்லை. ஆனால் மூன்று மாதமாக "தேடிக்கொண்டிருக்கிறேன்" என்று உன்னிடம் சொல்லி வந்தேனே, அதுவும் உண்மையில்லை. பெட்டி எங்கும் தொலைந்து போகவில்லை. அலமாரியில், அப்பாவின் மூக்குக் கண்ணாடிக்கும் ஜெபமாலைக்கும் நடுவில், வைத்த இடத்திலேயே இருக்கிறது. நான் தராததற்குக் காரணம் வேறு. நாற்பத்துச் சொச்சம் வருடமாக யாரிடமும் சொல்லாத காரணம். நீ ஆய்வேட்டை அச்சுக்குக் கொடுப்பதற்கு முன் அது உன் கைக்கு வந்து சேர வேண்டும் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

இந்தக் கடிதத்தை என் மருமகளும் படிப்பாள். அவள் கணக்குப் படித்தவள். அதனால் உனக்குத் தெரிந்ததையே அவளுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன், பொறுத்துக்கொள். நம் உடம்பில் சுரப்பி என்று சொல்வதெல்லாம் செல்கள் வரிசையாக நிற்கும் இடம். எச்சிலோ பாலோ வியர்வையோ, அந்தச் செல்கள்தான் தயாரித்து வெளியே விடுகின்றன. பெரும்பாலான செல்கள் புரதத்தைச் சிறுசிறு பைகளில் கட்டி ஓரத்துக்குக் கொண்டுவரும். பை, செல்லின் சவ்வோடு ஒட்டித் திறந்து, உள்ளே இருப்பதைக் கொட்டிவிடும். செல்லுக்கு ஒரு குறையும் வராது. சில செல்கள் அப்படியே உடைந்து, தானே சுரப்பாகிவிடும். தலைமயிருக்கு எண்ணெய் விடும் சுரப்பி அந்த வகை. மூன்றாவது வகைதான் நம் வீட்டு விஷயம். அதை அபோகிரைன் என்கிறோம். செல்லின் நுனி குமிழ் போலப் புடைத்து எழும்பும். அந்தக் குமிழுக்குள் செல்லின் உட்பொருளும் புரதமும் கொழுப்பும் கலந்து நிற்கும். பிறகு குமிழின் கழுத்து இறுகி இறுகி, ஒரு கட்டத்தில் அறுந்து தனியே போய்விடும். செல் சாகாது. உயரம் குறைந்து நிற்கும், மறுபடி வளரும், மறுபடி நுனியைக் கிள்ளிக் கொடுக்கும். பையில் ஏறும் அனுமதி இல்லாத புரதங்கள்கூட இந்த வழியில் வெளியே போக முடியும் என்கிறார்கள். ஆட்டுப் பாலில் இது அதிகம். பாலின் புரதத்தில் பெரும்பங்கு பைகளில்தான் வருகிறது. ஆனால் அதோடு கூடவே செல்லின் கிள்ளிய துண்டுகளும் மிதந்து வருகின்றன. அந்தத் துண்டுகளுக்குள் என்னென்ன புரதம் இருக்கிறது என்பதுதான், மருமகளே, உன் புருஷன் லியோன் நகரத்தில் உட்கார்ந்து நான்கு வருடமாகச் செய்யும் ஆராய்ச்சி. இதைத் தாய்மையோடு ஒப்பிட்டு யாராவது பேசினால் எனக்குப் பிடிக்காது. செல்லுக்குத் தியாகம் தெரியாது.

மகனே, உன் ஆய்வேட்டின் முதல் படமாக என் ஸ்லைடைப் போடப் போவதாகச் சொன்னாய். "அம்மா, நீ செஞ்சதுதான் மொதல் படம். எங்க புரொபசர்கிட்டயும் சொல்லிட்டேன், அவருக்கு ரொம்ப சந்தோஷம்" என்றாய். அன்று நான் பெருமைப்படவில்லை என்று எழுதினால் அது இன்னொரு பொய். பால்காரியிடம்கூடச் சொன்னேன். அந்த ஸ்லைடின் படம் நான் வேலை பார்த்த கல்லூரி ஆய்வகச் சுவரில் எத்தனை வருடம் தொங்கியது என்று உனக்குத் தெரியும். சிறுவனாக இருந்தபோது உன்னைத் தூக்கிக் காட்டியிருக்கிறேன். ஒரே வரிசையாக நிற்கும் செல்கள், ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு குமிழ். அடியில் சிறிய அட்டையில் என் பெயர். பெண்களில் எங்கள் துறைச் சுவரில் ஏறியது என் பெயர் மட்டும்தான். ஆனால் அந்தக் குமிழ்களை நம்ப முடியாது. அதைத்தான் சொல்ல வருகிறேன்.

அப்போது எனக்கு இருபத்து நான்கு வயது. கான்வென்டில் பிரெஞ்சு வழியில் படித்துவிட்டு ஆய்வக வேலையில் சேர்ந்திருந்தேன். திசுவைப் பதப்படுத்தி, மெழுகில் ஊன்றி, மெல்லிய சீவலாக வெட்டி, சாயம் ஏற்றிக் கண்ணாடியில் ஒட்டுவது என் வேலை. எங்கள் பேராசிரியரை எல்லோரும் பிரெஞ்சு வழக்கப்படி முசியே என்போம். அவர் தமிழர்தான், ஆனால் பாரிஸில் படித்துவந்தவர். பால் கொடுக்கும் ஆட்டின் மடித் துண்டு ஒன்று வேண்டும் என்று ஒரு வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். பால் கறக்கும் ஆட்டை யார் வெட்டுவார்கள்? கறிக்கடைக் காதர் பாயிடம் சொல்லிவைத்திருந்தேன். ஒரு சனிக்கிழமை மாலை அவர் வழியில் என்னை நிறுத்தினார். "சின்ன மதாம், நாளைக்கு உங்க ஆடு வருது. குட்டி போட்டு ஒரு மாசம்கூட ஆவல, லாரியில அடிபட்டுக் கால் போயிடுச்சு. அஞ்சே முக்காலுக்கெல்லாம் வந்துடுங்க. அப்புறம் மடி எங்க குடல் எங்கன்னு என்னால தேட முடியாது" என்றார்.

இந்த வேலையில் எல்லாம் நேரம்தான். துண்டை வெட்டி எடுத்த சில நிமிடங்களில் பதப்படுத்தும் கரைசலில் போட்டுவிட வேண்டும். தாமதித்தால் செல்கள் மூச்சு முட்டி வீங்கும். சாகிற செல்லின் நுனியிலும் குமிழ் எழும்பும். பார்ப்பதற்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். அதனால்தான் அபோகிரைன் என்று ஒன்றே கிடையாது, எல்லாம் தாமதித்துப் பதப்படுத்தியதால் வந்த கோளாறு என்று சில அறிஞர்கள் வாதாடினார்கள். அந்த வாதத்துக்குப் பதில் சொல்லத்தான் முசியே மாசற்ற ஒரு ஸ்லைடு கேட்டார். இது எனக்குத் தெரியும். தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்லிக்கொள்ள வழியில்லை.

நாங்கள் பயன்படுத்திய கரைசல் மஞ்சள் நிறம். விரலில் பட்டால் ஒரு வாரம் போகாது. நெடியும் கடுமை. மறுநாள் ஞாயிறு ஆறு மணிப் பூசைக்கு உன் அப்பா வீட்டார் வருவதாக இருந்தது. நம்மவர்களில் பெண் பார்ப்பது அப்போது அப்படித்தான். வீட்டுக்கு வந்து பலகாரம் சாப்பிடுவதற்கு முன், மாதா கோவிலில் எதிர் வரிசையில் உட்கார்ந்து ஒருமுறை பார்த்துவிடுவார்கள். பிடிக்கவில்லை என்றால் இரு பக்கத்துக்கும் அவமானம் இல்லாமல் பூசை பார்த்த புண்ணியத்தோடு போய்விடலாம். மஞ்சள் விரலோடும் மருந்து நெடியோடும் நான் அந்த வரிசையில் உட்கார விரும்பவில்லை. அதனால் கரைசல் ஜாடியை வீட்டிலேயே வைத்துவிட்டேன். காதர் பாயிடம் துண்டை வாங்கி, வீட்டுக்கு ஓடி ஜாடியில் போட்டுவிட்டு, கை கழுவிக்கொண்டு கோவிலுக்குப் போய்விடலாம் என்று கணக்கு. கடையிலிருந்து வீட்டுக்கு ஐந்து நிமிடம். பாய் இரண்டு துண்டுகளை வாழையிலையில் மடித்துக் கொடுத்தார், அதைக் கைப்பையில் வைத்துக்கொண்டு பட்டுச் சேலையோடு தெருமுனை திரும்புகிறேன், எதிரே என் அம்மா. "எங்கடி சுத்திட்டு வர்ற? அவுங்க எல்லாம் வந்து குந்தியாச்சு. மணியடிச்சாச்சு, வா!" என்று என் மணிக்கட்டைப் பிடித்தார். "ஒரு நிமிஷம்மா, வீட்டுக்குப் போய்…" என்றேன். "வீட்டுல இன்னா இருக்குது? மாப்ள இங்க இருக்காரு" என்று இழுத்துக்கொண்டு போய்விட்டார்.

கையை உதறிக்கொண்டு ஓடியிருக்கலாம். நான் ஓடவில்லை. அதை அம்மா மேல் போட மாட்டேன். அன்றைக்குப் பிரசங்கம் நீண்டது. வெயில் காலம். மடியில் இருந்த பை சூடேறுவது எனக்குத் தெரிந்தது. பூசை முடிந்து கோவில் வாசலில் பெரியவர்கள் பேசிக்கொண்டே நின்றார்கள். அப்போதுதான் பையின் மூலையிலிருந்து ஒரு சொட்டு என் சேலையில் விழுந்தது. யார் கண்ணிலும் படவில்லை, உன் அப்பாவைத் தவிர. தன் கைக்குட்டையை எடுத்து நீட்டினார். கல்யாணமான பிறகு அவரிடம் கேட்டேன், என்னிடம் என்ன பார்த்துப் பிடித்தது என்று. "பூசைக்கு வரும்போதே கறி வாங்கிக்கிட்டு வந்த பொண்ணு, வீட்ட நல்லா நடத்தும்னு நெனச்சேன்" என்றார். அது கறி இல்லை, ஆய்வகத்துக்கு வாங்கிய மடி என்று சொன்னபோது சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வந்துவிட்டது அவருக்கு. "அப்ப என்னை ஏமாத்திக் கட்டிக்கிட்ட" என்று சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமைக் கறியைக் கடைசிவரை அவர்தான் போய் வாங்கி வந்தார். எனக்கு நல்ல துண்டு பார்த்து வாங்கத் தெரியாது என்பது அவர் தீர்ப்பு.

துண்டு கரைசலில் விழும்போது மணி எட்டு அடிக்கப் பத்து நிமிடம். எடுத்து இரண்டு மணி நேரம் ஆகிவிட்டது. தூக்கி எறிந்துவிட்டு, திங்கட்கிழமை முசியேயிடம் போய்த் தவறிவிட்டது என்று சொல்லியிருக்க வேண்டும். குறிப்பேட்டில் இரண்டு கட்டங்கள் உண்டு: எடுத்த நேரம், கரைசலில் இட்ட நேரம். முதல் கட்டத்தில் ஐந்தே முக்கால் என்று எழுதினேன். இரண்டாவதில் ஐந்து ஐம்பது என்று எழுதினேன். என் அழகான கான்வென்ட் கையெழுத்தில், மைப்பொட்டு ஒன்றுகூட இல்லாமல். வெட்டிச் சாயமேற்றி மைக்ராஸ்கோப்பில் வைத்தபோது முசியே நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். "வுவாலா! பாருங்கள், ஒவ்வொரு தலையிலும்!" என்று எல்லோரையும் கூப்பிட்டார். அந்த நிமிடத்தில் சொல்லியிருக்கலாம். அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் சொல்லியிருக்கலாம். நாள் ஆக ஆகச் சொல்வது கடினமாகும் என்பதை யாரும் எனக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. அதை நான் உனக்குச் சொல்கிறேன்.

இதைவிட மோசமானது ஒன்று உண்டு. சில வருடங்கள் கழித்து எங்களிடம் சரோஜா என்ற பெண் வேலைக்குச் சேர்ந்தாள். வில்லியனூர்ப் பக்கத்துக் கிராமம், விவசாயக் குடும்பம், தாவணி போட்ட வயது. ஒருநாள் பேருந்து வராமல் ஒரு திசுவை முக்கால் மணி நேரம் தாமதித்துக் கரைசலில் போட்டாள். போட்டதோடு, குப்பியில் ஒட்டிய சீட்டில் "45 நிமிடம் தாமதம்" என்று அவளே எழுதியும் வைத்தாள். நான் அந்தக் குப்பியை எல்லோருக்கும் முன்னால் தொட்டியில் கவிழ்த்தேன். "சோம்பேறிகளுக்கு இங்கே இடமில்லை" என்றேன். அவள் அழுதாள். அவள் எழுதிய அந்தச் சீட்டைப் பார்த்ததால் எனக்கு வந்த கோபம் அது. தாமதத்தால் வந்ததில்லை. அப்போது எனக்கே அது புரியவில்லை, அல்லது புரிந்துகொள்ள நான் விரும்பவில்லை.

நீ படம் கேட்ட பிறகு இரண்டு மாதத்துக்கு மேல் இழுத்தடித்தேன். பிறகு ஒரு காலையில் சேலை மாற்றிக்கொண்டு பஸ் ஏறி, பெரிய ஆஸ்பத்திரி ஆய்வகத்துக்குப் போனேன். சரோஜா இப்போது அங்கே தலைமை டெக்னீஷியன். அடுத்த வருடம் ஓய்வு. தலை நரைத்திருக்கிறது, மூக்கில் கண்ணாடி. என்னைப் பார்த்ததும் நாற்காலியை விட்டு எழுந்தாள். நான் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். ஆடு, பூசை, ஐந்து ஐம்பது, அவளுடைய குப்பி, எல்லாம். அவள் கேட்டுவிட்டு, "உக்காருங்கக்கா" என்றாள். பிறகு, "அது லேட்டாப் போட்டதுன்னு எனக்குத் தெரியுமே" என்றாள்.

உட்காரப் போன நான் நிமிர்ந்தேன். "உனக்கு எப்படித் தெரியும்?"

"சேந்த வருஷமே பாத்தேன். செல்லு உள்ள உட்கரு எல்லாம் சுருங்கிக் கெடந்துச்சு. குமிழு அழகா இருக்குதுன்னு எல்லாரும் மேலயே பாத்தாங்க. கீழ யாரும் பாக்கல."

"ஏன் சொல்லவில்லை?"

"உங்ககிட்டயா?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தாள். "அக்கா, உங்ககிட்ட டீ ஆறிப்போச்சுன்னு சொல்லவே எங்களுக்கு பயம். இத யாரு சொல்றது?"

நானும் சிரித்துவிட்டேன். அறுபத்தெட்டு வயதில் இப்படி ஒரு பதிலை நின்று வாங்கிக்கொள்வது கஷ்டமாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். அப்படி இல்லை. இறுக்கமான செருப்பைக் கழற்றியது போல இருந்தது. குப்பிக்காக மன்னிப்புக் கேட்டேன். "அதெல்லாம் அன்னிக்கே வீட்டுல போய் உங்களத் திட்டித் தீத்துட்டேன், உடுங்க" என்றாள். பிறகு ஒரு காரியம் சொன்னாள். "செத்த ஆட்ட வச்சிக்கினு எதுக்கு மல்லுக்கு நிக்கிறோம்? உசுரோட இருக்கிற ஆட்டுப் பால எடுத்துப் பாப்போம். துண்டு தானா அறுந்து வந்திருந்தா, பாலுலயே மெதக்கும் இல்ல?" எவ்வளவு எளிமையான யோசனை, பார். உன் ஊரில் இதைத்தான் பெரிய கருவிகளோடு செய்கிறீர்கள். எங்களுக்கு ஒரு செம்பு போதுமாக இருந்தது.

லாஸ்பேட்டையில் சரோஜா வீட்டுக்குப் பின்தெருவில் ஆடு வளர்க்கும் ஒருத்தி இருக்கிறாள். போன செவ்வாய்க்கிழமை காலை அங்கே போனோம். நான் கைக்கடிகாரத்தோடு நின்றேன். "எதுக்கும்மா ஆட்டுக்கு மணி பாக்கறீங்க, பரீச்சையா?" என்று அவள் கேட்டாள். ஆமாம் என்றேன். கறந்த பால் நுரை அடங்குவதற்குள் சரோஜா அதைக் கண்ணாடியில் இழுத்து உலர்த்திவிட்டாள். இரண்டே நிமிடம். ஆஸ்பத்திரியில் போய்ச் சாயமேற்றி மைக்ராஸ்கோப்பில் வைத்தோம். கண் புரை அறுவைக்குப் பிறகு என் வலக்கண் நன்றாகத்தான் இருக்கிறது. கொழுப்புத் துளிகளுக்கு நடுவே சிவப்பேறிய உருண்டைகள் தெரிந்தன. உட்கரு இல்லாதவை. செல்லின் துண்டுகள். சில பெரிது, சில சிறிது. அந்த ஆடு அங்கே லாஸ்பேட்டை வாசலில் நின்று வேலி இலையைத் தின்றுகொண்டிருக்கிறது, அதன் மடியிலிருந்து வந்தவை இவை. ஆகவே முசியே சொன்னது சரி. ஆடு தன் செல்லின் நுனியைக் கிள்ளித்தான் கொடுக்கிறது. ஆனால் என் ஸ்லைடில் தெரியும் குமிழ்களில் எது அந்த நுனி, எது மூச்சு முட்டி வீங்கியது என்று என்னாலும் சொல்ல முடியாது, உன்னாலும் முடியாது. எங்கள் கான்வென்டில் கணக்குச் சொல்லிக்கொடுத்த கன்னியாஸ்திரீ, மேர் என்று கூப்பிடுவோம், விடை சரியாக இருந்தும் வழி தவறாக இருந்தால் சுழி போடுவார். அன்று அவர் மேல் கோபமாக வரும். இப்போது என் ஸ்லைடுக்கு அந்தச் சுழியை நானே போட்டுக்கொள்கிறேன்.

நீ என்னைப் போலவே கறாரானவன். அது என்னிடமிருந்து வந்ததுதான், அதற்காக நான் வருத்தப்படவும் இல்லை. ஆனால் உன்னிடம் வேலை பார்க்கப் பிள்ளைகள் வருவார்கள். "தாமதமாகிவிட்டது" என்று தானே எழுதிக் கொண்டுவருகிற பிள்ளையைக் கண்டால் அன்றைக்கு அவனைத் திட்டாதே. திசுவை எறிந்துவிடு, சீட்டைப் பத்திரமாக வை. அந்தப் பிள்ளை உனக்குப் பயந்து ஐந்து ஐம்பது என்று எழுதக் கற்றுக்கொண்டால், அப்புறம் உன் ஆய்வகத்தில் எதை நம்புவாய்? இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்த இரண்டு மணி நேரத்தை நினைத்து நான் வெட்கப்படுகிறேன், ஆனால் அது நடந்திருக்கவே கூடாது என்று என்னால் மனதாரச் சொல்ல முடியவில்லை. அதில்தான் உன் அப்பா கைக்குட்டையை நீட்டினார். பதின்மூன்று வருடம் கழித்து, இனி இல்லை என்று எல்லோரும் முடிவுகட்டிய பிறகு, நீ வந்தாய். நான் நிறைவாகவே இருந்திருக்கிறேன், இருக்கிறேன். குறிப்பேட்டில் ஒரு கட்டம்தான் தவறு.

லூர்து அத்தையின் மகன் விடுமுறை முடிந்து அடுத்த வாரம் பிரான்சுக்குத் திரும்புகிறான். பெட்டியை அவனிடம் கொடுத்துவிடுகிறேன், அவன் அம்மா பார்க்கும்படியே கொடுக்கிறேன். உள்ளே பழைய ஸ்லைடு இருக்கும். அதிலிருந்த சீட்டைக் கிழித்துவிட்டுப் புதிதாக எழுதி ஒட்டியிருக்கிறேன்: எடுத்தது ஐந்தே முக்கால், இட்டது ஏழு ஐம்பது. அதோடு பால் இழுத்த ஸ்லைடுகள் மூன்று. அவற்றில் சரோஜாவின் பெயர் இருக்கிறது, ஏனென்றால் வேலை அவளுடையது. பழைய படத்தை நீ போடாமல் விட்டால் எனக்கு ஒரு குறையும் இல்லை. போடுவதாக இருந்தால் அடியில் அந்த இரண்டு நேரத்தையும் என் பெயரையும் சேர்த்துப் போடு. பெயரை மட்டும் போடாதே. உன் பேராசிரியரிடம் என்ன சொல்வது என்பதை நீயே முடிவு செய். ஆனால் அவர் பெட்டியைத் திறப்பதற்கு முன் சொல்லிவிடு.

மூன்று ஸ்லைடுகளையும் உன் கண்ணால் பார். நாங்கள் பார்த்தது சரியா, இரண்டு கிழவிகள் ஆசைப்பட்டதைப் பார்த்தோமா என்று எனக்குத் தெரிய வேண்டும். போனில் சொல்லாதே, போனில் நீ என் மனம் நோகாமல் பேசுவாய். என்ன பார்த்தாய், எந்தப் படத்தைப் போடுகிறாய் என்று காகிதத்தில், உன் கையெழுத்தில், தேதி போட்டு எழுதி அனுப்பு.

அம்மா